பாலைவன ஆற்றில் பறவைகள்

கேள்வி: அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் பாலைவனத்தின் நடுவே ஓடும் சான் பெத்ரோ ஆறு பறவை நோக்குவோரை ஈர்க்கிறதாமே, வறண்ட நிலத்தில் அவ்வளவு பறவைகள் எப்படி?

பதில்: அந்த வறட்சியே காரணம். மெக்சிகோவின் சொனோராவில் பிறந்து வடக்கு நோக்கி ஓடும் இந்த ஆற்றின் இரு கரைகளிலும் காட்டன்வுட், வில்லோ மரங்கள் நீண்ட தோப்பாக வளர்ந்திருக்க, சுற்றிலும் முட்புதரே மிகுந்திருப்பதால், வலசைப் பறவைகளுக்கு நிழலும் நீரும் பூச்சிகளும் ஒருசேரக் கிடைக்கும் வழித்தடமாக இது அமைந்துவிட்டது. 1988-இல் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இங்கு 300-க்கும் மேற்பட்ட இனங்கள் பதிவாகியுள்ளன.

முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் செந்நிற ஈபிடிப்பான்தான். தாழ்ந்த, இலையற்ற கிளை நுனியில் அமரும் ஆண் பறவை, விருட்டென்று பறந்து பூச்சியைக் கவ்வியபின் பல வேளைகளில் அதே நுனிக்குத் திரும்பும் என்பதால், தொலைநோக்கியை அங்கேயே நிறுத்திக் காத்திருக்கலாம். மஞ்சள் அலகுக் குயிலோ இலைகளுக்குள் அசையாமல் அமர்ந்து கம்பளிப்புழுக்களைத் தின்னும். அதைக் காதால்தான் தேட வேண்டும்.

ஏப்ரல், மே மாத விடியற்காலைகள் ஏற்றவை. ஜூலை முதல், தொலைவில் மழை பெய்தாலே திடீர் வெள்ளம் வரக்கூடும். அப்போது ஆற்றுப் படுகையில் இறங்க வேண்டாம்.