மூன்று நிமிடமும் ஒரு வெற்றுப் பக்கமும்

அன்புள்ள அண்ணனுக்கு,

திருமங்கலம் பக்கம் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் ஆறு வருடமாக வேலை பார்க்கிறேன். ஜனநாயகத்தை வளர்ப்பது பற்றி வெளிநாட்டில் ஒரு மாநாடு. 'குடிமைச் சமூகப் பிரதிநிதி'யாக என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். பேச மூன்று நிமிடம். அப்பா, 'வெள்ளைக்காரன் காசுல போய் நம்ம ஊரைக் குறை சொல்லப் போறியா?' என்கிறார். அரசாங்கங்கள் கூடும் இடத்தில் எங்களுக்கு நிஜமாகவே இடம் உண்டா, இல்லை போட்டோவுக்குத்தானா? (பெயர் போட வேண்டாம்.)

அன்புள்ள தம்பி,

முதலில் அப்பாவுக்கு. இதை வெள்ளைக்காரன் சமாச்சாரம் என்று தள்ளிவிட முடியாது. 2000 ஜூனில் போலந்துத் தலைநகர் வார்சாவில் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் கூடி 'ஜனநாயக நாடுகளின் சமூகம்' என்ற அமைப்பைத் தொடங்கியபோது, கூட்டத்தைக் கூட்டிய ஏழு நாடுகளில் இந்தியாவும் ஒன்று. (பிரான்ஸ்தான் வந்து உட்கார்ந்துவிட்டுக் கையெழுத்துப் போடாமல் போனது.) 2005இல் ஐ.நா. ஜனநாயக நிதியம் தொடங்கியபோதும் முதலில் பணம் போட்டவர்களில் நாம் உண்டு, அந்தப் பணத்தில் பெரும்பகுதி உங்களைப் போன்ற அமைப்புகளுக்குத்தான் போகிறது. வெளியே இப்படிக் கொடுக்கிற நம் நாடுதான் 2020இல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தி, பணம் டெல்லியில் ஒரே ஒரு ஸ்டேட் வங்கிக் கிளையில்தான் வந்து இறங்க வேண்டும், வாங்கிய அமைப்பு இன்னொரு அமைப்புக்கு அதிலிருந்து ஒரு ரூபாய்கூடக் கொடுக்கக் கூடாது என்றது. அதில் யார் கை காய்ந்தது என்று உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்?

சரி, இடம் உண்டா என்ற கேள்வி. வார்சாவில் அமைச்சர்கள் ஒரு பக்கம் கூடினார்கள், தொண்டு அமைப்புகளும் அறிஞர்களும் அதே நாட்களில் தனியாக இன்னொரு பக்கம் கூடினார்கள். உலகத்துக்குப் போன பிரகடனம் அரசுகள் கையெழுத்திட்டது. அந்தக் கையெழுத்தும் எல்லாவற்றையும் காப்பாற்றிவிடவில்லை: கூட்டத்தைக் கூட்டிய அந்த ஏழில் மேற்கு ஆப்பிரிக்க நாடான மாலியும் உண்டு. அங்கே 2012இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது, 2020இல் மறுபடி, 2021இல் இன்னொரு தடவை.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மேலூர்ப் பக்கம் நான் பார்த்த ஒரு கிராம சபைதான் ஞாபகம் வரும். ஆகஸ்ட் 15, வேப்பமரத்தடி, நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்கள்தான் பாதிக்கு மேல். தீர்மான நோட்டு கைமாறி வருகிறது, பக்கத்தின் மேல்பாதி காலி, கீழே மட்டும் கையெழுத்து. ஒரு பாட்டி மை தடவிய கட்டைவிரலை அப்படியே தூக்கிப் பிடித்துக்கொண்டு, 'மேல ஒண்ணுமே எழுதலையேப்பா, எதுக்கு நான் கைநாட்டு வைக்கணும்?' என்றார். 'அதெல்லாம் அப்புறம் எழுதிக்கலாம் ஆத்தா, முதல்ல கோரம் சேரணும்' என்று பதில் வந்தது (கோரம் என்றால் கூட்டம் செல்லுபடியாகத் தேவைப்படும் குறைந்தபட்ச ஆள் கணக்கு). வைத்துவிட்டார். பங்கேற்பு என்ற சொல்லை எங்கே பார்த்தாலும் எனக்கு அந்த மைவிரல்தான்.

ஆனால் இதே மேலூர்ப் பக்கம்தான், 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்க ஏலச் செய்தி வந்ததும், அரிட்டாபட்டி வட்டாரத்து ஊர்கள் கிராம சபையிலேயே எதிர்த்துத் தீர்மானம் போட்டன. ஜனவரியில் நடந்தும் வண்டியிலுமாக மதுரைக்கே வந்து நின்றார்கள், அந்த மாதம் முடிவதற்குள் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அப்போது மேல்பாதியில் என்ன எழுதுவது என்பதை ஊர்தான் சொன்னது.

ஊரைக் குறை சொல்வதாகாதா என்றால், உண்மையைச் சொல்வதில் என்ன குறை? உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் தலித்துகளுக்கு ஒதுக்கிய தலைவர் பதவிக்கு 1996 முதல் பத்து வருடம் தேர்தலை ஒழுங்காக நடத்த விடவில்லை, 2006இல்தான் நடந்தது. எந்த சர்வதேசப் பிரகடனமும் வந்து அதை நடத்திக் கொடுக்கவில்லை. இங்கேயே அதிகாரிகள் ஊர் ஊராகப் போய்ப் பேசினார்கள், கட்சிகளும் இயக்கங்களும் விடாமல் குரல் கொடுத்தன. மூன்று நிமிடத்தில் இதைச் சொன்னாலே போதும், புள்ளிவிவரமெல்லாம் எதற்கு?

அதனால் போய்ட்டு வாங்க. கிளம்புவதற்கு முன் ஒரு மின்னஞ்சல் மட்டும் போடுங்கள்: அறிக்கையின் வரைவு எங்களுக்கு எப்போது கிடைக்கும், அதில் எங்கள் திருத்தத்தை ஏற்கவில்லை என்றால் அதையும் பதிவு செய்வீர்களா என்று. 'மாநாடு முடிந்ததும் அனுப்புகிறோம்' என்று பதில் வந்தால் அது வேப்பமரத்தடி நோட்டுதான், தெரிந்தே போங்கள். முன்கூட்டியே அனுப்பிவிட்டார்கள் என்றால் எனக்கும் ஒரு பிரதி தட்டிவிடுங்கள். திருமங்கலம் வருகிறேன், டீக்கடையில் உட்கார்ந்து வரிவரியாகப் படிப்போம், அப்பாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.