கல்யாணம் இல்லாத நான்கு மாதங்கள்

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, கல்யாண மேடை அலங்காரத் தொழிலுக்கு வந்து ஐந்து வருடம் ஆகிறது. போட்டோ, வீடியோவைத் தம்பி பார்த்துக்கொள்கிறான். வருடத்துக்கு 40 கல்யாணம் வரை செய்கிறோம். சீசனில் சாப்பிடக்கூட நேரம் இருக்காது. சீசன் முடிந்தால் நான்கு மாதம் போனே அடிக்காது. சம்பாதித்த பணமெல்லாம் எங்கே போனது என்றே தெரியாமல் கரைந்துவிடுகிறது. கடைசிக் கல்யாணத்தில் கழற்றிய துணி மூட்டைகளை இன்னும் பிரிக்கவில்லை, குடோன் பக்கம் போகவே மனசு வரவில்லை. பாதி விலைக்காவது ஆர்டர் பிடிக்கலாம் என்கிறான் தம்பி. பேசாமல் வேறு வேலை தேடு என்கிறார் கணவர். இந்த நான்கு மாதத்தை எப்படித்தான் ஓட்டுவது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரி, குடோன் பக்கம் போக மனசு வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதை நான் சோம்பல் என்று எடுத்துக்கொள்ளவில்லை. மாதக்கணக்கில் ராத்திரி முழுக்க மேடை கட்டி, விடியும்போது வீட்டுக்கு வந்த உடம்பு அப்படித்தான் சொல்லும். பத்து நாள் கடையை மூடுங்கள். எப்போது திறப்பீர்கள் என்பதை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டு நன்றாகத் தூங்குங்கள். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

அடுத்து, தம்பி சொல்லும் பாதி விலை. வேண்டாம். கணக்குப் போட்டுப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். 100 ரூபாய் வேலையில் செலவெல்லாம் போக 30 ரூபாய் கையில் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 20 ரூபாய் தள்ளுபடி கொடுத்தால் மிச்சம் 10. முன்பு ஒரு கல்யாணத்தில் பார்த்த லாபத்தை எடுக்க இப்போது மூன்று கல்யாணம் செய்யவேண்டும். பாதி விலைக்குச் செய்தால் ஒவ்வொரு மேடைக்கும் கைக்காசு போட்டுக் கட்டுகிறீர்கள் என்று அர்த்தம். போதாததற்கு, அந்த விலையைக் கேள்விப்பட்டவர்கள் சீசனிலும் அதையேதான் கேட்பார்கள். ஆர்டர் குறைவான மாதத்தில் யாருக்காவது சலுகை கொடுக்க நினைத்தால் விலையைத் தொடாதீர்கள். உங்களிடம் ஏற்கெனவே இருக்கிற பொருளில் ஏதாவது ஒன்றைக் கூடுதலாக வைத்துக் கொடுங்கள். நுழைவாயில் அலங்காரமோ, ஒரு போட்டோ மூலையோ போதும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பணம் எங்கே போனதென்று தெரியவில்லை என்கிறீர்கள். அதைக் கண்டுபிடிக்கிற மாதங்கள்தான் இவை. சீசன் நடக்கும்போது யாராலும் முடியாது. சீசன் முடிந்து ரொம்ப நாள் ஆனாலும் முடியாது, மறந்துவிடும். ஒரு நோட்டை எடுத்து, கல்யாணத்துக்கு ஒரு பக்கம் என்று 40 பக்கம் ஒதுக்குங்கள். என்ன தொகை பேசினீர்கள், என்ன கைக்கு வந்தது, பூ, வண்டி வாடகை, ஆள் கூலி, உடைந்தது, தொலைந்தது, கடைசி நேரத்தில் ஓடிப்போய் வாங்கியது என எல்லாவற்றையும் எழுதுங்கள். ஜிபே வரலாறும் போன் கேலரியும் இருந்தால் பாதி ஞாபகம் தானாக வந்துவிடும்.

அப்புறம் உங்கள் நேரம். இதை யாருமே எழுதுவதில்லை. முதல் போனில் பேசியது, மண்டபத்தைப் போய்ப் பார்த்தது, மூன்று தடவை டிசைன் மாற்றியது, லோடு ஏற்றியது, கட்டியது, கழற்றியது, துவைத்தது எல்லாமே வேலைதான். ஒரு நாள் கல்யாணம் என்று பேசி வாங்கியது உங்களிடமிருந்து ஆறேழு நாளைத் தின்றிருக்கும்.

பக்கத்தின் அடியில் இன்னொரு வரி எழுதுங்கள். குடோன் வாடகை, வண்டித் தவணை, கரண்ட், நிரந்தர ஆட்களின் சம்பளம், இவற்றோடு உங்களுக்கும் தம்பிக்கும் ஒரு சம்பளம். கல்யாணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வருடம் 365 நாளும் இந்தச் செலவு ஓடுகிறது. அதை 40 கல்யாணம் சுமக்கிறது. அப்படியென்றால் ஒவ்வொரு கல்யாணமும் உங்களுடைய ஒன்பது நாள் செலவைச் சுமந்தாக வேண்டும். நீங்கள் விலை சொல்லும்போது அன்றைய பூவையும் கூலியையும் மட்டும்தான் கூட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அந்த நான்கு மாதத்தின் வாடகையை யாரிடமும் வாங்கவே இல்லை, அதனால்தான் அது உங்கள் சேமிப்பிலிருந்து போகிறது.

நோட்டு நிரம்பியதும் ஒரு மாலை தம்பியோடு உட்கார்ந்து புரட்டுங்கள். பெரிய பந்தாவாகச் செய்த கல்யாணத்தில் ஒன்றுமே நின்றிருக்காது. சின்ன மேடை ஒன்று நல்ல காசு கொடுத்திருக்கும். எனக்கு அப்படித்தான் தெரியவந்தது. ஊரே பாராட்டிய ஒரு வேலையில் நான் நஷ்டப்பட்டிருந்தேன், அதே மாதிரி இன்னும் நாலு ஆர்டரை ஆசை ஆசையாகப் பிடித்தும் வைத்திருந்தேன். அடுத்த வருட விலைப்பட்டியலை இந்த நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள். கல்யாண தேதியைத் தள்ளி வைத்தால் என்ன, கேன்சல் செய்தால் அட்வான்ஸ் என்ன ஆகும், ராத்திரி எத்தனை மணிக்குமேல் ஆனால் கூடுதல் கூலி என்பதையெல்லாம் அதே சூட்டோடு ஒரு பக்க ஒப்பந்தமாக எழுதி வைத்துவிடுங்கள். இந்த சீசனில் எதற்கெல்லாம் சண்டை வந்ததோ அதெல்லாம் அதில் ஒரு வரியாக இருக்கவேண்டும்.

அட்வான்ஸ் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். வேலை முடியும்வரை அந்தப் பணம் நம்முடையதல்ல. கணக்கு எழுதுகிறவர்களும் அதை வரவில் சேர்க்காமல் கடன் பக்கம்தான் வைப்பார்கள். வரப்போகிற கல்யாணத்தின் அட்வான்ஸை எடுத்து இந்த மாத வாடகை கட்டினால், அந்தக் கல்யாணம் வரும்போது பூ வாங்கக் கையில் காசு இருக்காது. தனியாக ஒரு வங்கிக் கணக்கு திறந்து அட்வான்ஸை எல்லாம் அதில் போடுங்கள். வேலை முடிந்ததும் உங்கள் பங்கை எடுங்கள். அதையும் மொத்தமாகச் செலவுக்கு எடுக்காமல், சீசன் வருமானத்திலிருந்து பன்னிரண்டு மாதமும் ஒரே தொகையைச் சம்பளமாக எடுத்துக்கொள்ளுங்கள். உங்களோடு மேடை கட்டுகிற பையன்களில் கைதேர்ந்த இரண்டு பேருக்காவது இந்த மாதங்களில் கொஞ்சம் சம்பளம் போகும்படி இதிலேயே திட்டமிடுங்கள். அவர்கள் வேறு இடத்துக்குப் போய்விட்டால், சீசன் நடுவில் புது ஆளுக்கு முடிச்சுப் போடச் சொல்லிக்கொடுக்கிற கொடுமை இருக்கிறதே, வேண்டாம்.

அந்தப் பையன்களுக்குக் குடோனில் வேலையும் இருக்கிறது. சீரியல் செட்டுகளை ஒவ்வொன்றாக எரியவிட்டுப் பாருங்கள். எலி கடித்த ஒயர், விரிசல் விட்ட பிளக், தொட்டால் சுடுகிற அடாப்டர் எல்லாம் நேரே குப்பைக்குப் போகட்டும். டேப் சுற்றி வைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணமே வேண்டாம், துணிக்கும் காய்ந்த பூவுக்கும் நடுவில் எரியப்போகிற விளக்கு அது. துணியில் குத்திய குண்டூசிகளை ஒன்றுவிடாமல் எடுங்கள். துருப்பிடித்தால் அந்தக் கறை லேசில் போகாது. வெல்வெட்டை மடித்தால் மடிப்பு தடமாகவே நின்றுவிடும், குழாயில் சுருட்டி வையுங்கள். செயற்கைப் பூவை வெளிச்சம் படாத இடத்தில் வைத்தால் நிறம் மங்காது.

தம்பிக்கும் ஒரு வார்த்தை. கேமரா பேட்டரிகளை முழு சார்ஜிலோ, சுத்தமாகக் காலியாகவோ மாதக்கணக்கில் வைக்கக்கூடாது. பாதி சார்ஜில் வைக்கச் சொல்லுங்கள். லென்ஸ் இருக்கிற பெட்டியில் ஈரப்பதம் 40-லிருந்து 50 சதவிகிதத்துக்குள் இருந்தால் பூஞ்சை பிடிக்காது. கல்யாணப் படங்களுக்கு மூன்று பிரதி இருக்கட்டும். இரண்டு வேறு வேறு வகைச் சாதனங்களில், அதில் ஒன்றாவது வேறு இடத்தில். கொடுக்கவேண்டிய ஆல்பம் எதுவும் பாக்கி இருந்தால் முதலில் அதை முடிக்கட்டும். கல்யாணம் முடிந்து ஆல்பத்துக்காகக் காத்திருக்கிற ஒரு குடும்பம், கேட்கிறவர்களிடமெல்லாம் உங்களைப் பற்றி என்ன சொல்லும் என்று யோசித்துப் பாருங்கள்.

போன் அடிக்கவில்லை என்கிறீர்கள். சீசனில் அடித்தபோது எத்தனை பேருக்கு "அப்புறம் பேசுகிறேன்" என்று சொல்லி விட்டுவிட்டீர்கள்? வாட்ஸ்அப்பைக் கீழே வரை நகர்த்தினால் அவர்களெல்லாம் இருப்பார்கள். ஒரு நாளைக்கு ஐந்து பேர் வீதம், பெயரைச் சொல்லி, அன்று பதில் போடாததற்கு மன்னிப்புக் கேட்டு எழுதுங்கள். சிலருக்குக் கல்யாணம் முடிந்திருக்கும், வாழ்த்துச் சொல்லுங்கள். சிலர் இன்னும் யாரையும் முடிவு செய்திருக்க மாட்டார்கள். கல்யாணத்துக்கான ஏற்பாடுகளைப் பலரும் மாதக்கணக்கில் முன்பே தொடங்கிவிடுகிறார்கள். அடுத்த சீசனின் ஜோடிகள் ஆள் தேடுவது நீங்கள் சும்மா இருக்கிற இந்த நாட்களில்தான். நீங்கள் மேடை கட்டிக்கொடுத்த குடும்பங்களிடமும் பேசுங்கள். பிடித்திருந்ததா என்று கேட்டால் ஆமாம் என்பார்கள், அதோடு முடிந்துவிடும். எந்த இடத்தில் எங்களால் சிரமப்பட்டீர்கள் என்று கேளுங்கள். அவர்கள் சம்மதித்தால் படங்களை உங்கள் சமூக வலைத்தளப் பக்கத்தில் போடுங்கள்.

கணவர் சொன்னதை நினைத்து வருத்தப்படாதீர்கள். நீங்கள் ஓய்ந்துபோய் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கத் தாங்காமல் சொல்லியிருப்பார். அந்த நோட்டை அவரிடமும் காட்டுங்கள். கணக்கு போட்ட பிறகும் சரிவரவில்லை என்றால், வேறு வேலை பற்றி அப்போது பேசலாம்.

கடைசியாக, அந்த மூட்டைகள். ஒரு வருடம் நானும் அப்படியே போட்டுவிட்டேன். கடைசி ராத்திரி மழை, துணி லேசாக நனைந்திருந்தது, நாளைக்குப் பார்க்கலாம் என்று சாக்கில் கட்டினேன். சீசனின் முதல் ஆர்டருக்குப் பிரித்தபோது வெள்ளைத் துணி முழுக்க மிளகு தூவினாற்போல் கறுப்புப் புள்ளி. துவைத்தும் போகவில்லை. அன்றைக்கு வாடகைத் துணியில்தான் மேடை கட்டினேன். அதனால் பத்து நாள் ஓய்வு என்று நான் சொன்னதில் ஒரே ஒரு காலைப்பொழுதை மட்டும் கழித்துக்கொள்ளுங்கள். நாளைக்கே போய் மூட்டைகளைப் பிரித்து, வெள்ளையை வெயிலிலும் கலரை நிழலிலும் உலர்த்திவிட்டு வந்து படுங்கள்.