ஒரே தேதிதான், ஆனால் ஒரே நாளா?

கேள்வி: பள்ளி அறிவிப்புப் பலகையில் தினமும் 'வரலாற்றில் இன்று' எழுதுகிறேன். ஒரே நிகழ்வுக்குப் புத்தகத்துக்குப் புத்தகம் தேதி மாறுகிறது. எதை எழுதுவது?

பதில்: பல நேரம் இரண்டு தேதியுமே சரிதான். நாட்காட்டிதான் வேறு.

ஏப்ரல் 23-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1616-இல் ஷேக்ஸ்பியரும் ஸ்பெயின் எழுத்தாளர் செர்வாண்டிஸும் ஒரே நாளில் இறந்தார்கள் என்று எழுதாத பலகையே இருக்காது. ஆனால் ஸ்பெயின் 1582-லேயே, இன்று நாம் பயன்படுத்தும் கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறிவிட்டது; அக்டோபர் 4-க்கு மறுநாளே அங்கே அக்டோபர் 15. இங்கிலாந்தோ 1752 வரை பழைய ஜூலியனை விடவில்லை. ஆக, ஷேக்ஸ்பியரின் ஏப்ரல் 23 ஸ்பெயின் கணக்கில் மே 3. போதாததற்கு, செர்வாண்டிஸ் இறந்தது ஏப்ரல் 22 என்றும், 23 அடக்கம் செய்த நாள் என்றும்தான் இப்போது ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். தேதி ஒன்றாகத் தெரிந்தாலும் நடுவில் பதினோரு நாள் ஓடியிருக்கிறது!

ரஷ்யாவின் 'அக்டோபர் புரட்சி' நவம்பர் 7-இல் வருவதும் இதனால்தான். 1917-இல் அங்கே அன்று அக்டோபர் 25.

எனவே தனி நிகழ்வு என்றால், அந்த ஊரில் அன்று வழங்கிய தேதியைப் போட்டு, பக்கத்தில் 'பழைய நாட்காட்டி' என்று எழுதினால் போதும். இரண்டு நிகழ்வுகளை 'ஒரே நாள்' என்று இணைக்கும்போதுதான் இரண்டையும் கிரிகோரியனுக்கு மாற்றிப் பார்க்க வேண்டும். ஜூலியன் தேதியோடு 1600-களில் 10 நாள், 1700-களில் 11, 1800-களில் 12, 1900-களில் 13 கூட்டுங்கள். நூற்றாண்டு தொடங்கும் ஆண்டின் பிப்ரவரியில் மட்டும் கொஞ்சம் கவனம். 1600 நீங்கலாக, வித்தியாசம் மாறுவது அப்போதுதான்.

அப்புறம், கடிகாரமும் காலை வாரும். ஆம்ஸ்ட்ராங் நிலவில் கால் வைத்தபோது அமெரிக்காவில் 1969 ஜூலை 20 இரவு. இந்தியாவில் 21 காலை எட்டரை மணி ஆகப்போகிறது. இரண்டில் எதை எழுதினாலும் எந்த நாட்டு நேரம் என்று சேர்த்துவிடுங்கள்.

தயங்காமல் எழுத ஒன்று வேண்டுமா? ஜூலை 4, 1826. அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தின் ஐம்பதாம் ஆண்டு நிறைவு நாள். அதில் கையெழுத்திட்ட ஜெஃபர்சனும் ஜான் ஆடம்ஸும் அன்றே, சில மணி நேர இடைவெளியில் இறந்தார்கள். ஒரே நாடு, ஒரே நாட்காட்டி.