இரண்டு கேசட் பெட்டிகள்

கேள்வி: சினிமாப் பாட்டில் ஆன்மிகம் என்று சொல்லும்படி ஏதாவது இருக்கிறதா? இருந்தால், உங்களைத் தூக்கி நிறுத்திய பாட்டு எது?

இருக்கிறது. ஆனால் நான் அதைக் கண்டுகொண்டது கோயிலில் இல்லை, சாவு வீட்டில்.

என் தாய்மாமா மைக் செட் வைத்திருந்தார். சிவகங்கைப் பக்கம் ஒரு கிராமம். இரண்டு குழாய் ஸ்பீக்கர், ஒரு ஆம்ப்ளிஃபயர், கொஞ்சம் ட்யூப் லைட், சீரியல் செட்டு. அவ்வளவுதான் அவர் சொத்து. தொண்ணூறுகளில் பள்ளி லீவு விட்டால் நான் அவரோடுதான் சுற்றுவேன். ஒயர் பிடிப்பது, கேசட்டைத் திருப்பிப் போடுவது என் வேலை. அவரிடம் இரண்டு தகரப் பெட்டிகள் இருந்தன. ஒன்றில் வெள்ளை பெயிண்டால் 'பக்தி' என்றும் இன்னொன்றில் 'தத்துவம்' என்றும் எழுதியிருக்கும். கல்யாணப் பாட்டுக்குப் பெட்டியெல்லாம் கிடையாது, ஒரு மஞ்சள் பையில் கிடக்கும்.

பக்திப் பெட்டியில் சீர்காழி, டி.எம்.எஸ்., எல்.ஆர். ஈஸ்வரி, நாகூர் ஹனிபா எல்லாரும் ஒன்றாகக் கிடப்பார்கள். முளைப்பாரித் திருவிழாவில் ஈஸ்வரி முடிந்ததும் 'இறைவனிடம் கையேந்துங்கள்' ஓடும். ஊரில் யாரும் ஒன்றும் சொன்னதில்லை.

சாவு வீட்டுக்குப் போகும்போது மட்டும் மாமா பக்திப் பெட்டியைத் தொட மாட்டார். தத்துவப் பெட்டி ஒன்றுதான் சைக்கிள் கேரியரில் ஏறும். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "சாமி மேல கோவமா இருக்குற வீட்ல போயி சாமி பாட்டைப் போட்டா அடிக்க வருவாங்க மாப்ள" என்றார்.

அன்றைக்குச் சிரித்தேன். பின்னால் யோசிக்க யோசிக்க, உங்கள் கேள்விக்கான பதில் அதில்தான் இருப்பதாகப் படுகிறது. சாமி மேல் கோபமாக இருப்பவனும் கேட்கக்கூடிய ஆன்மிகம் ஒன்று இருக்கிறது. நம் ஊர் வானொலியும் மைக் செட்காரர்களும் அதற்குத் 'தத்துவப் பாட்டு' என்று தனிப்பெயரே வைத்துவிட்டார்கள்.

மாமா சாவு வீட்டில் முதலில் போடுவது 'வீடு வரை உறவு'. 1962இல் வந்த 'பாத காணிக்கை' படப் பாட்டு. கண்ணதாசன் எழுத்து, விஸ்வநாதன் ராமமூர்த்தி இசை, டி.எம்.எஸ். குரல். இதைச் சின்ன வயதிலேயே நூறு தடவை கேட்டிருப்பேன். கல்லூரியில் தமிழாசிரியர் ஒருவர் பட்டினத்தார் பாடலை நடத்தியபோதுதான் தூக்கிவாரிப் போட்டது. செல்வமும் வாழ்வும் வீடு மட்டும், அழுகிற மனைவி வீதி மட்டும், தலையில் கைவைத்து அழுகிற பிள்ளைகள் சுடுகாடு மட்டும். வரிசை அப்படியே இருக்கிறது! காப்பி என்று வகுப்பில் ஒருவன் கத்தினான். ஆசிரியர் கடைசி வரியை மட்டும் இரண்டு பாட்டிலும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னார்.

பட்டினத்தார் விடை சொல்லி முடிக்கிறார்: 'பற்றித் தொடரும் இருவினைப் புண்ணியப் பாவமுமே.' கூட வருவது நீ செய்த நல்லதும் கெட்டதும்தான், சந்தேகமே இல்லை. கண்ணதாசன் அந்த விடையை எடுத்துவிட்டு 'கடைசி வரை யாரோ' என்று நிறுத்திவிடுகிறார். விடை அவருக்குத் தெரியாமல் இல்லை. பின்னாளில் 'அர்த்தமுள்ள இந்து மதம்' எழுதினவர், 'இயேசு காவியம்' பாடினவர். ஆனால் தி.மு.க.விலிருந்து அவர் வெளியே வந்தது 1961இல். நாத்திகத்துக்கும் நம்பிக்கைக்கும் நடுவில் நின்ற காலத்தில் அந்த 'யாரோ' வந்து விழுந்தது என்று நான் நினைத்துக்கொள்வேன். எங்கள் மாவட்டத்துக்காரர், சிறுகூடல்பட்டி, அதனால் கொஞ்சம் கூடுதல் உரிமை எடுத்துக்கொள்கிறேன்.

அந்த 'யாரோ'வில்தான் எல்லோருக்கும் இடம் கிடைக்கிறது. கடவுள் என்று நினைப்பவர் கடவுளை வைத்துக்கொள்ளலாம், வினை என்பவர் வினையை, யாருமே இல்லை என்பவர் வெறுமனே அழுதுவிட்டுப் போகலாம்.

இரண்டாவதாக 'போனால் போகட்டும் போடா' ஓடும், 'பாலும் பழமும்', 1961. கூக்குரல் போட்டாலும் கிடைக்காது, கோர்ட்டுக்குப் போனாலும் ஜெயிக்காது என்று அதில் வரும். உயிரை இரவல் கொடுத்தவன் திருப்பிக் கேட்கிறான், அதற்கு எந்தக் கோர்ட்டில் போய் நிற்பது? வயல் வரப்புத் தகராறுக்கே இருபது வருடம் கோர்ட்டுக்கு நடந்த ஊர்க்காரர்கள் அந்த இடத்தில் தலையை ஆட்டுவார்கள். எந்தப் பிரசங்கமும் அப்படித் தலையை ஆட்ட வைத்து நான் பார்த்ததில்லை.

சரி, என்னைத் தூக்கி நிறுத்திய பாட்டுக்கு வருகிறேன்.

நான் செல்போன் ரிப்பேர் கடை போட்டு நஷ்டப்பட்டு மூடிய வருடம் அது. கந்துக்காரரிடம் தவணை சொல்லிவிட்டு, வேலை தேடி மதுரையிலிருந்து சென்னைக்கு ராத்திரி பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். பின் சீட்டு. டிரைவர் தூக்கம் வராமல் இருக்கப் பழைய பாட்டுப் போட்டிருந்தார். விழுப்புரம் தாண்டி எங்கேயோ 'மயக்கமா கலக்கமா' வந்தது. 'சுமைதாங்கி', அதுவும் 1962தான், பி.பி. ஸ்ரீனிவாஸ் குரல். சினிமாவில் வாய்ப்புக் கிடைக்காமல் ஊருக்கே திரும்பிவிடலாம் என்றிருந்த வாலியை நிறுத்திவைத்தது இந்தப் பாட்டுதான், அதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். அந்தக் கதை எனக்கும் தெரியும். ஆனால் கதை தெரிந்ததால் அழுகை வரவில்லை, ஒரு வரியால் வந்தது.

எல்லோரும் மேற்கோள் காட்டுகிற 'உனக்கும் கீழே உள்ளவர் கோடி' இல்லை. அந்த வரி எனக்கு இன்றுவரை ஒட்டவில்லை. நம்மைவிடக் கஷ்டப்படுகிறவனைப் பார்த்து நிம்மதி அடைவதில் என்ன ஆன்மிகம்? அவன் யாரைப் பார்த்து நிம்மதி அடைவான்? என்னைப் பிடித்தது அதற்குச் சற்று முன்னால், நாளைப் பொழுதை இறைவனிடம் கொடுத்துவிட்டு நடக்கிற வாழ்வில் அமைதியைத் தேடச் சொல்கிற இடம். மொத்தப் பாட்டிலும் இறைவன் வருவது அந்த ஓரிடத்தில்தான். அவர் ஒன்றும் பெரிதாகச் செய்வதில்லை, நாளைக்கு என்கிற மூட்டையை வாங்கி வைத்துக்கொள்கிறார், ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டில் சாவி கொடுத்துவிட்டுப் போவதுபோல. 'நாளைக்காகக் கவலைப்படாதிருங்கள்' என்று மத்தேயுவிலும் இருக்கிறது. பைபிள் வாசிக்கிற நண்பன் ஒருவன் அதைப் பல தடவை எனக்குச் சொல்லியிருக்கிறான், காதில் ஏறியதே இல்லை. பின் சீட்டில் ஏறியது. கடன் மறுநாளும் அப்படியேதான் இருந்தது, ஆனால் அன்றைக்கு ராத்திரி தூங்கினேன்.

அப்போ நேரடியான சாமி பாட்டெல்லாம் சும்மாவா என்று கேட்காதீர்கள். இளையராஜா தானே பாடிய 'ஜனனி ஜனனி' கேட்டால் எனக்கும் மயிர்க்கூச்செறியும். ஆனால் அது கல்யாணி ராகம் செய்கிற வேலையா, அம்பாள் செய்கிற வேலையா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அவர் இசையில் 'நான் கடவுள்' படத்தில் (2009) வந்த 'பிச்சைப் பாத்திரம்' வேறு ரகம். அதன் வரிகளும் அவருடையதுதான். எலும்பும் சதையும் நரம்பும் சேர்ந்த உடம்புதான் பிச்சைப் பாத்திரம் என்கிறது பாட்டு. தனியாகக் கேட்டால் சித்தர் பாட்டு மாதிரி இருக்கும். படத்திலோ அது நிஜமாகவே பிச்சை எடுக்க வைக்கப்பட்ட, உடல் குறைபட்ட மனிதர்கள் மேல் வந்து இறங்குகிறது. தியேட்டரில் எனக்குக் கூச்சமாக இருந்தது. டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருக்கிற நானும் ஒரு பாத்திரம்தான் என்றால், அவர்களைப் பார்த்துப் பரிதாபப்பட நான் யார்? அந்தப் பாட்டை மாமாவிடம் போட்டுக் காட்டினேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "இது தத்துவப் பெட்டி மாப்ள" என்றார். அப்போது அவரிடம் பெட்டியே இல்லை, கேசட்டெல்லாம் பூஞ்சை பிடித்துப் போயிருந்தது.

மாமாவுக்கு ஒரு வழக்கமான கிண்டல் உண்டு. பாடையைத் தூக்கிக்கொண்டு கூட்டம் தெருமுனை திரும்பியதும் பாட்டை நிறுத்திவிட்டு, குழாயை இறக்கிக்கொண்டே மெதுவாக என்னிடம் சொல்வார்: "வீதி வரை மைக் செட்டு."

மூன்று வருடம் முன்னால் அவர் போனார். பக்கத்து ஊர்ப் பையன்கள் வந்து பெரிய பெரிய பாக்ஸ் வைத்தார்கள். பென் டிரைவில் 'சாவு' என்று ஒரு ஃபோல்டர், அதில் முதல் பாட்டு 'வீடு வரை உறவு'தான். தூக்கிக்கொண்டு கிளம்பினோம். தெருமுனை திரும்பியும் யாரும் நிறுத்தவில்லை. கண்மாய்க்கரை தாண்டி நடக்கும்போதும் டி.எம்.எஸ். குரல் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. இந்தக் காலத்து பாக்ஸுக்குச் சத்தம் அதிகம்.