கெட்டுப்போன பிஜிப்2 கோப்பிலிருந்து தரவை மீட்க முடியுமா?

பிஜிப்2 என்ற சுருக்கு வடிவத்தில் வைத்த பழைய லாக் பேக்கப்பை விரிக்கும்போது பாதியில் சிஆர்சி (தரவு கெட்டிருக்கிறதா என்று பார்க்கும் சரிபார்ப்பு எண்) பிழை வந்து நின்றுவிடுகிறது, மீதி போனது போனதுதானா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, பிஜிப்2 என்றால் பெரும்பாலும் நிறையவே கிடைத்துவிடும். முதலில் கோப்பை வேறு டிஸ்க்கில் நகல் எடுங்கள், மூலத்தைத் தொடவே தொடாதீர்கள்.

பிஜிப்2 தரவை மொத்தமாகச் சுருக்குவதில்லை, அதிகபட்சம் 900 கேபி துண்டுகளாக வெட்டித் தனித்தனியாகச் சுருக்குகிறது. ஒவ்வொரு துண்டின் தலையிலும் 314159265359 என்ற அடையாளம் இருக்கும், ஆமாம், பை (π) எண்ணின் இலக்கங்களேதான், கூடவே அந்தத் துண்டுக்கென்று ஒரு சிஆர்சியும். 'பிஜிப்2ரெக்கவர்' கட்டளை இந்த அடையாளத்தைத் தேடிப்பிடித்து ஒவ்வொரு துண்டையும் தனிக் கோப்பாக எழுதிவைக்கும். அப்புறம் ஒவ்வொன்றையும் 'பிஜிப்2 --டெஸ்ட்' போட்டுப் பாருங்கள். ஃபெயிலாகும் துண்டை மட்டும் ஒதுக்கிவிட்டு மற்றதை வரிசை மாறாமல் விரித்து ஒரே கோப்பில் சேர்த்தால் சரி. லாக் மாதிரி வெறும் எழுத்து என்றால் நடுவில் ஒரு ஓட்டை விழும், அவ்வளவுதான்.

ஜிஜிப் என்ற இன்னொரு சுருக்கு வடிவத்தில் இந்த வசதி கிடையாது. முந்தைய 32 கேபியைத் திரும்பிப் பார்த்துத்தான் அடுத்தது விரியும், அதனால் உடைந்த இடம் வரை 'இசட்கேட்' கட்டளை விரித்துத் தருவதைக் கோப்பில் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.