டர்பன் ஈரத்தில் பிசுபிசுக்கும் சிலிக்கான் அச்சு

வணக்கம் அண்ணே. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், உங்க சாட்ஸ்வர்த் வீட்டு கராஜில், மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்திருந்த, முருகன் சிலை வார்க்கும் சிலிக்கான் ரப்பர் அச்சு ரெண்டு கோடை தாண்டியதும் பிசுபிசுத்து, இழுத்தால் பிய்ந்து வருகிறது. ஓவன் அடுப்பில் காய வைத்தால் சரியாகுமா என்று கேட்டிருந்தீங்க. ஆகாது, தயவுசெய்து வைக்காதீங்க.

டர்பன் ஈரம் மட்டும் நல்ல சிலிக்கானை இப்படிச் செய்யாது. உங்களது டின் (வெள்ளீயம்) கேட்டலிஸ்ட், அதாவது இறுக வைக்கும் ஊக்கி, கலந்து இறுகிய வகை. இறுகிய பிறகும் அந்த டின் உள்ளேயே தங்கிவிடும். சிலிக்கான் தண்ணீரை ஒட்டவிடாதே தவிர, நீராவியைத் தாராளமாக உள்ளே விடும். அந்த நீர், டின்னின் துணையோடு, சிலிக்கான்–ஆக்சிஜன் பிணைப்புகளை ஒவ்வொன்றாக அறுக்கிறது. அந்தப் பிணைப்புகளாலான வலை துண்டு துண்டாகி ரப்பர் பசையாகிறது. மூடிய பெட்டியும் கராஜ் சூடும் சேர்ந்தால் இன்னும் வேகம். அறுந்தது அறுந்ததுதான்.

சந்தேகமிருந்தால் ஓரத்தில் மெல்லிசாக ஒரு கீற்று வெட்டிப் பாருங்க. வெட்டிய முகமும் ஒட்டினால் அச்சு முடிந்தது. மேல்தோல் மட்டும் ஒட்டினால் எண்ணெய்ப் பிசுக்காக இருக்கலாம், சோப்புத் தண்ணீரில் கழுவிப் பாருங்க.

மூலச் சிலை பத்திரமாக இருக்கிறதல்லவா? அதுதான் பெரிய செல்வம். அடுத்த அச்சை, டின்னுக்குப் பதில் பிளாட்டினம் ஊக்கியால் இறுகும் சிலிக்கான் வகையில் ஊற்றுங்க. விலை கூடத்தான், ஆனால் பல வருஷம் உழைக்கும். ஒரு கண்டிப்பு: கந்தகம் கலந்த களிமண், லேடெக்ஸ் கையுறை, பழைய டின் ரப்பர் பட்ட கரண்டி எதுவும் பக்கத்தில் வரக்கூடாது, பட்ட இடம் இறுகவே இறுகாது. சிலை வார்த்த பிளாஸ்டரின் ஈரம் அச்சில் நன்றாகக் காய்ந்த பிறகு, அச்சைக் காற்றாடும் அலமாரியில் வையுங்க. தைப்பூசக் காவடிக்கு முன்னால் தாராளமாக முடித்துவிடலாம்.