கடலூரில் கல்லூரியில் படிக்கிறேன், பகுதிநேர வேலையில் சிறு வருமானம். பழைய கார் வாங்கக் கடன் கிடைக்குமா?

கிடைக்கும். ஆனால் உங்கள் பெயரில் மட்டும் கேட்டால் பெரும்பாலும் மறுத்துவிடுவார்கள். நிலையான வருமானமுள்ள அப்பாவையோ அம்மாவையோ இணைக் கடன்தாரராகச் சேர்த்து வங்கியில் கேளுங்கள். தவணை தவறினால் அவர்களுடைய சிபில் மதிப்பெண்ணும் (கடனை ஒழுங்காக அடைப்பதைக் காட்டும் மதிப்பெண்) சரியும். இதை வீட்டில் முதலிலேயே பேசிவிடுங்கள்.

வட்டியில்தான் மிகுந்த கவனம் வேண்டும். "பத்து சதவீதம்தான் தம்பி" என்று ஃபைனான்ஸ்காரர் சொன்னால், அது ஃபிளாட் வட்டியா என்று உடனே கேளுங்கள். அப்படியென்றால் 2 லட்சத்துக்கு 3 ஆண்டில் வட்டி 60,000 ரூபாய், மாதத் தவணை சுமார் 7,200. நீங்கள் அசலை மாதாமாதம் அடைத்துக்கொண்டே வந்தாலும் வட்டி முழுத் தொகைக்கும் ஓடும். குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் அது ஏறக்குறைய 18 சதவீதம்! பகுதிநேரச் சம்பளம் இதைத் தாங்காது என்றால் இப்போதைக்குப் பழைய பைக் போதும் என்பேன்.

விலை குறைவு என்று புதுச்சேரிப் பதிவு வண்டியைப் பார்க்கிறீர்களா? அதை 12 மாதங்களுக்கு மேல் தமிழ்நாட்டில் வைத்திருந்தால் மறுபதிவு செய்து இங்கே சாலை வரி கட்ட வேண்டும். அந்தத் தொகையையும் கூட்டிப் பாருங்கள். ஆர்.சி.யில் பழைய கடன் பதிவாகியிருந்தால், கடன் கொடுத்த நிறுவனத்தின் தடையின்மைச் சான்றையும், கடன் முடிந்ததைத் தெரிவிக்கும் படிவம் 35-ஐயும் கண்ணால் பார்க்காமல் முன்பணம் கொடுக்கவே கூடாது.